காதில் ஒருவர் இருக்கிறார்

கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை தரும்படி தமிழ்ப்பாட ஆசிரியை கேட்டபோது, பெண் கல்வி, வாசிப்பின் பயன் போன்ற வழமையான தலைப்புகளே முதலில் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றி எழுத என்னை விடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இக்கல்லூரியை விட்டுப் போன நாளிலிருந்து நான் செய்து வருவது ஒரேயொரு வேலைதான். தொலைபேசியில் பேசுவது. ஆகவே எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே எழுதுகிறேன். அலுவலகத்தில் நாள் முழுவதும் என் காதில் மாட்டியிருக்கும் வயரில்லாத ஹெட்செட் பற்றியது இக்கட்டுரை.

இதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. அந்தச் சிறிய கருவியால் எனக்குக் கிடைத்த நன்மையும், அதனை நம்பி நான் இன்னொருவருக்குச் செய்த பிழையும் சேர்ந்து எனக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தன. நாளை வேலைக்குப் போகவிருக்கும் தங்கைமாருக்கும், வீட்டில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் அது பயன்படலாம் என்று நம்புகிறேன்.

கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் முன்பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த வைத்தியர் எந்த நாளில் வருவார், இரத்தப் பரிசோதனைக்கு எப்படி வர வேண்டும், ஸ்கேன் அறிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டு விடியற்காலையிலிருந்து அழைப்புகள் வரும். தமிழில் ஒருவர், சிங்களத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர் என்று மாறி மாறிப் பேச வேண்டும். ஒரு நாளில் எண்பது, நூறு அழைப்புகள் வருவது சாதாரணம்.

ஆரம்பத்தில் எங்களுக்கு இருந்தது மேசைத் தொலைபேசிதான். ரிசீவரை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கணினியில் விபரங்களைப் பதிவோம். எட்டு மணித்தியாலம் இப்படியே போகும். ஸ்கார்ப் துணியில் ரிசீவர் வழுக்கும். வழுக்காமல் இருக்கக் கழுத்தை இன்னும் சாய்ப்போம். இரண்டு வருடத்துக்குள் இரவில் தலையணையில் தலை வைக்க முடியாத அளவுக்குக் கழுத்துவலி வந்துவிட்டது. "போன் இல்லாத நேரத்திலயும் கழுத்தச் சாச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாய், யாரோட பேசிக்கிட்டு ஈக்கிறாய் மகள்?" என்று வாப்பா கேட்பார். பகிடியாகத்தான் கேட்பார். ஆனால் முகத்தில் கவலை இருக்கும். வலிக்கு மருந்து தந்த வைத்தியரும், மருந்தை விட ரிசீவரை இடுக்காமல் இருப்பதே முக்கியம் என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பிரிவுக்கு வயரில்லாத ஹெட்செட்கள் வந்தன. முதல் நாளே நிம்மதி தெரிந்தது. கழுத்து நேரானது, கைகள் இரண்டும் ஓய்வாயின. ஒரு கோப்பை எடுக்க அடுத்த மேசைக்குப் போக வேண்டுமானால், பேசுகிறவரைக் காத்திருக்க வைக்காமல் பேசியபடியே எழுந்து போக முடிந்தது. ஒரு வாரத்துக்குள் இரவு நித்திரை திரும்பி வந்தது. இந்த நன்மையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இக்கருவியின் வேலை எளிதானது. மேசையில் இருக்கும் ஓர் அடித்தளம் தொலைபேசியோடு இணைந்திருக்கும். அது ரேடியோ அலைகள் மூலம் காதிலுள்ள பகுதியோடு பேசும். அலுவலகங்களில் பாவிக்கப்படுபவற்றில் பல, 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட டெக்ட் என்ற முறையில் இயங்குகின்றன. கட்டடத்துக்குள் ஏறத்தாழ 50 மீற்றர் தூரம் வரை நடந்துகொண்டே பேசலாம். கைத்தொலைபேசிக்கு நாம் மாட்டும் சாதாரண புளூடூத் கருவிகளுக்குப் பொதுவாக 10 மீற்றர் அளவே எல்லை. வாயருகே ஒரு சிறு தண்டு, அதன் நுனியில் ஒலிவாங்கி. காதுப் பகுதியில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பொத்தான், நம் குரல் மறுபக்கம் போகாமல் நிறுத்த மியூட் என்ற இன்னொரு பொத்தான். அவ்வளவுதான்.

தொலைபேசியில் அடுத்தவருக்கு உதவும் தொழில் பெண்களின் கைக்கு வந்து நெடுங்காலமாகிவிட்டது. 1878 செப்டெம்பர் 1ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரத் தொலைபேசி நிலையத்தில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதற் பெண் தொலைபேசி இயக்குநர் என்று அவரையே சொல்வார்கள். அதற்கு முன்னர் அவ்வேலையைச் செய்த பையன்கள் அழைப்பவர்களோடு பொறுமையில்லாமல் நடந்துகொண்டதும், பெண்களை அத்தொழிலுக்கு எடுக்க ஒரு காரணமாயிற்று. பொறுமையாகக் கேட்பவர் வேண்டும் என்பதற்காகவே பெண்கள் அந்தக் கதிரைகளில் அமர்த்தப்பட்டார்கள். இதனை நான் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏனென்று சொல்கிறேன்.

ஹெட்செட் வந்து சில மாதங்களின் பின் ஒரு நாள் பின்னேரம். புத்தளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். அவருடைய உம்மாவுக்குச் சீனி வருத்தம். வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். பெயர், வயது, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எடுத்தேன். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கைகள் ஓய்வாகத்தானே இருக்கின்றன என்று, அதற்கு முந்திய அழைப்பின் விபரங்களைக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டேன். மறுபக்கத்தில் அப்பெண் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

என் ஹெட்செட் ஸ்கார்ப்புக்கு உள்ளே இருக்கும். வெளியே தெரிவது கன்னத்தருகே உள்ள அந்தச் சிறு தண்டு மட்டுமே. அதுவும் பின்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் மூத்தவரான ஒரு ராத்தா பிளாஸ்கோடு பின்னால் வந்து நின்று, "தங்கச்சி, பிளேன்டீ ஒண்டு குடிப்பமா?" என்று கேட்டார். நான் தலையைத் திருப்பி, "ஓம், குடிக்கலாம். சீனி மட்டும் கொஞ்சமாப் போடுங்க" என்றேன். காதில் "சரி மிஸ், நல்லம்" என்று கேட்டது. அழைப்பு நின்றது. பிளேன்டீ வந்தது. குடித்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து எங்கள் பிரிவுக்குக் கேள்வி வந்தது. சீனிப் பரிசோதனைக்கு வந்த ஒரு நோயாளி விடியற்காலையில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். குடிக்கலாம் என்று போனில் சொன்னது யார்?

எங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுபவை. முகாமையாளர் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். முதலில் அப்பெண்ணின் குரல்: "மிஸ், உம்மா வெறும் வயித்தோட இருந்தா தல சுத்தும். பஸ் ஏற முந்தி ஒரு பிளேன்டீ மட்டும் குடிச்சிட்டு வரலாமா?" அடுத்ததாக என் குரல், ஒரு நொடி கூடத் தாமதிக்காமல், தெளிவாக, மிகவும் அன்பாக: "ஓம், குடிக்கலாம். சீனி மட்டும் கொஞ்சமாப் போடுங்க."

ராத்தாவின் குரல் அந்தப் பதிவில் சரியாக விழவே இல்லை. வாயருகே உள்ள சத்தத்தை மட்டும் எடுத்து, சுற்றியுள்ள சத்தத்தைத் தள்ளிவிடும்படிதான் ஒலிவாங்கி செய்யப்பட்டிருக்கிறது. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணித்தியாலம் தண்ணீரைத் தவிர எதுவும் உட்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஆகவே அன்று இரத்தம் எடுக்க முடியவில்லை. அந்த வைத்தியர் எங்களிடம் வருவது வியாழக்கிழமைகளில் மட்டும். இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும். நான் கீழே போனேன். எழுபது வயதைத் தாண்டிய அந்த உம்மா கதிரையில் உட்கார்ந்திருந்தார். இரவு இரண்டு மணிக்கு எழும்பி பஸ் ஏறியிருக்கிறார்கள். மகள் தையல் வேலை செய்பவர். ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான்தான் பேசினேன், பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த உம்மா என்னை ஏசவில்லை. "நீங்க சொன்ன மாதிரி சீனியும் கொஞ்சமாத்தான் மகள் போட்டோம்" என்றார்.

ஏசியிருந்தால் கூட அந்த அளவுக்கு வலித்திருக்காது.

பெரிய ஆபத்து எதுவும் நடக்கவில்லை. அடுத்த கிழமை வந்தார்கள், பரிசோதனை நடந்தது. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் சத்திரசிகிச்சை செய்யவிருக்கும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால்? மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவிருந்தால் அது மேலேறிச் சுவாசப்பைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். என் அதே அன்பான குரல் அவருக்கும் "ஓம்" என்று சொல்லியிருக்கும்.

இச்சம்பவத்தின் பின் இரண்டு விதமான கருத்துகள் எழுந்தன. வாப்பாவின் கருத்து, "அந்தச் சாமானத் தூக்கி வெச்சிட்டு பழைய போன எடு" என்பது. ரிசீவரைக் கையில் பிடித்திருந்தால் ராத்தாவும் கண்டிருப்பார், நானும் வேறு வேலை பார்த்திருக்க மாட்டேன் என்பது அவருடைய நியாயம். அலுவலகத்தில் சிலரின் கருத்து, மியூட் பொத்தானை அமத்தியிருந்தால் விடயம் முடிந்தது, இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை.

பழைய ரிசீவருக்குத் திரும்பினால் கழுத்துவலியும் திரும்பும். வலியோடு இருப்பவர் நன்றாகக் கேட்பார் என்று சொல்ல முடியாது. மியூட் பொத்தானை அமத்தியிருந்தால் அந்தப் பிழையான பதில் போயிருக்காது என்பது சரி. ஆனால் அப்பெண்ணின் கேள்வி அப்போதும் என் காதில் விழுந்திருக்காது. அவர் பதிலுக்குக் காத்திருந்து திரும்பவும் கேட்டிருப்பார், அல்லது கூச்சப்பட்டு அழைப்பை வைத்திருப்பார். நான் கேட்கவில்லை என்பதே உண்மையான பிழை. பிழையாகப் பேசியது அதன் பிறகு வந்தது.

கேட்கும் சக்தியைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இதைப் பல காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கொலின் செரி என்ற பிரித்தானிய அறிஞர் 1953இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒருவரின் இரண்டு காதுகளிலும் இரண்டு வெவ்வேறு பேச்சுகளை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். அதனை அவர்கள் செய்தார்கள். மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அங்கே ஆங்கிலம் நின்று ஜெர்மன் மொழி தொடங்கியதைக் கூடப் பலர் கவனிக்கவில்லை. ஒரு காது போனுக்கு, மற்றக் காது அறைக்கு என்று நாம் பங்கு பிரித்துக் கொடுக்கிறோம். மனம் அப்படிப் பங்கு பிரிவதில்லை.

கைகளைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ரேயர், வில்லியம் ஜோன்ஸ்டன் ஆகியோர் 2001இல், வாகனம் ஓட்டுவது போன்ற ஒரு பயிற்சியைச் செய்துகொண்டே தொலைபேசியில் உரையாடியவர்களைச் சோதித்தார்கள். உரையாடியபோது அவர்கள் சமிக்ஞைகளைத் தவறவிடுவது ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. தடையாக இருந்தது கையில் உள்ள போன் அல்ல, மனத்தில் நடக்கும் உரையாடல் என்பதே அவர்களின் முடிவு.

இதனை வாசித்தபோது எனக்கு எங்கள் அலுவலகமே கண்முன் வந்தது. ஹெட்செட் வந்த பிறகு எங்கள் கைகள் ஓய்வாகின என்று சொன்னேன். அந்த ஓய்வு எத்தனை நாளைக்கு இருந்தது? ஒரு மாதத்துக்குள், அழைப்புகளோடு சேர்த்து அறிக்கைகளைக் கவரில் இடும் வேலை வந்தது. பிறகு பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை வந்தது. "கை சும்மாதானே இருக்கு" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் கை சும்மா இருப்பதும் ஆள் சும்மா இருப்பதும் ஒன்றல்ல. இக்கருவி கழுத்துக்கும் கைக்கும் ஓய்வு கொடுப்பதற்காக வாங்கப்பட்டது. அந்த ஓய்வை இன்னொரு வேலையால் நிரப்பும் அலுவலகம், அழைப்பவரின் பங்கிலிருந்து திருடித்தான் நிரப்புகிறது. இதுவே என் உறுதியான கருத்து. முகாமையாளரிடமும் இதனைச் சொன்னேன். சொல்லப் பயமாக இருந்தது. சொன்ன பிறகு, அழைப்பு வரும் நேரங்களில் அந்த வேறு வேலைகளைத் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

நாங்களும் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். அழைப்பவர் பேசும்போது அவர் சொல்வதைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை. ஹெட்செட் ஸ்கார்ப்புக்குள் மறைவதால், பேசும்போது ஒரு சிவப்பு அட்டையை மேசை மேல் நிமிர்த்தி வைக்கிறோம். அது நிமிர்ந்திருந்தால் யாரும் கதைக்க மாட்டார்கள். அவசரமானால் துண்டில் எழுதி வைப்பார்கள். அழைப்பில் உள்ளவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டே மியூட் பொத்தானை அமத்துகிறோம். அழைப்பை முடிக்கும் முன் எல்லா விபரங்களையும் திருப்பிச் சொல்லி, "வேற ஏதாவது கேக்க ஈக்கா?" என்று கேட்டுவிட்டு, மூன்று நொடி பேசாமல் இருக்கிறோம். வயதானவர்களின் உண்மையான கேள்வி பெரும்பாலும் அந்த மூன்று நொடிக்குள்தான் வரும்.

திருப்பிச் சொல்வது எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் உதாரணம். தமிழில் பதினேழும் பதினெட்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். சிங்களத்தில் தஹஹத, தஹஅட என்பவற்றிலும் அதே பிரச்சினை உண்டு. ஆகவே நாங்கள் திகதியோடு கிழமையையும் சேர்த்துச் சொல்வோம். பெயர்கள் இன்னும் கஷ்டம். மனிதக் காது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. சாதாரணத் தொலைபேசி பல காலமாக 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தி வந்திருக்கிறது. "ஸ", "ஃப" போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால் ரிஸ்னாவும் ரிஃப்னாவும் வயரில் வரும்போது ஒருவராகிவிடுகிறார்கள். எவ்வளவு விலையுள்ள ஹெட்செட்டை மாட்டினாலும், மறுபக்கம் வராத ஒலியை அதனால் உண்டாக்க முடியாது. "ஸ"னாவா, "ஃப"னாவா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுற்றிலும் சத்தமாக இருந்தால் ஹெட்செட்டின் சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டியதைக் குறைக்க மறந்துவிடுவோம். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை கேட்பதே பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடும்போது நேரம் பாதியாகக் குறைய வேண்டும். நாற்பது மணித்தியாலம் என்பது ஒரு கிழமை வேலை நேரமே. அதன் பின் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இயர்போன் மாட்டுகிறவர்கள், கணக்குக்கு மேலே செலவு செய்கிறார்கள். நான் காதை மாற்றி மாற்றி மாட்டுகிறேன். தேநீர் நேரத்தில் கழற்றி அடித்தளத்தில் வைத்துவிடுகிறேன். பற்றரிக்கும் சார்ஜ் வேண்டும், காதுக்கும் ஓய்வு வேண்டும்.

50 மீற்றர் நடக்கலாம் என்பதில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒருமுறை எங்கள் பிரிவில் ஒருவர், ஒரு பெண்ணின் பரிசோதனை விபரத்தைப் பெயரோடு திருப்பிச் சொல்லியபடியே நடைபாதையில் நடந்துபோனார். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையை உயர்த்திப் பார்த்தார்கள். நம் ஊர்களில் ஒருவரை ஒருவர் அறியாதவர் யார்? ஒரு பெண்ணின் நோய் அவளுடைய அமானிதம். அவள் அதனை நம் ஒரு காதில் ஒப்படைக்கிறாள், ஐம்பது பேரின் காதில் அல்ல. வயர் இருந்த காலத்தில் அந்த வயர் நம்மை மேசையோடு கட்டி வைத்தது. இப்போது நாமே நம்மைக் கட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

அன்புத் தங்கைகளே, நீங்கள் நேர்முகப் பரீட்சைகளுக்குப் போகும்போது, "ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்வீர்களா?" என்று கேட்பார்கள். "ஓம்" என்று சொல்லத்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். இன்று கேட்டால், "ஒன்றன் பின் ஒன்றாக விரைவாகச் செய்வேன், ஆனால் ஒருவர் பேசும்போது அவரை மட்டும் கேட்பேன்" என்று சொல்வேன். அப்படிச் சொல்பவளை வேலைக்கு எடுக்கத் தயங்கும் இடத்தில், நாளை உங்கள் தவறுக்கு உங்களை மட்டுமே குற்றம் சொல்வார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு "ம்... ம்..." என்று பதில் சொல்கிறார்கள் என்று குறை சொல்கிறோம். நியாயமான குறைதான். ஸ்கார்ப்புக்குள் அது இருப்பது நமக்குத் தெரிவதும் இல்லை. ஆனால் பிள்ளை பாடசாலையில் நடந்ததைச் சொல்ல வரும்போது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கறியைக் கிளறியபடி, "ஓம் மகள், நல்லம் மகள்" என்று சொல்லும் உம்மாமாரும், செய்தி பார்த்தபடி தலையாட்டும் வாப்பாமாரும் நம் வீடுகளில் இல்லையா? பிள்ளைக்கு அந்த "ஓம்" எதற்கான பதில் என்று தெரியாது. அதனை அனுமதி என்று நினைத்து ஒரு காரியம் செய்தால், பிறகு "நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்கிறோம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பதிவாவது இருந்தது. வீட்டில் அதுவும் இல்லை.

கருவியை நான் குறை சொல்லவில்லை. இன்றும் அதைத்தான் மாட்டியிருக்கிறேன், நாளையும் மாட்டுவேன். ஆனால் அது காதில் இருக்கும்வரை அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதை மறப்பதில்லை. அவர் எங்கோ ஒரு தூரத்து வீட்டில், பஸ்ஸுக்குக் காசை எண்ணி வைத்துவிட்டு, நான் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பிக் காத்திருக்கிறார்.

இப்போதும் பின்னேரத்தில் ராத்தா பிளாஸ்கோடு வருவார். முதலில் சிவப்பு அட்டையைப் பார்ப்பார். அது நிமிர்ந்திருந்தால் எதுவும் கேட்காமல் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் போவார். பேசி முடிக்கும்போது பல நாட்களில் பிளேன்டீ ஆறிப்போயிருக்கும். ஆறியதையே குடிக்கிறேன்.